சென்னையிலிருந்து நவக்கிரகக் கோயில் யாத்திரை: பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் யாராவது கும்பகோணம் பக்கம் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், முதலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அம்மாவையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு நானும் என் நாத்தனாரும் அந்த ஒன்பது கோயில்களுக்கும் நாலு முறை போய் வந்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்பது கோயில்களும் எவை? எங்கே இருக்கின்றன?

சூரியனுக்குச் சூரியனார் கோயில், சந்திரனுக்குத் திங்களூர், செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன் கோயில், புதனுக்குத் திருவெண்காடு, குருவுக்கு ஆலங்குடி, சுக்கிரனுக்குக் கஞ்சனூர், சனிக்குத் திருநள்ளாறு, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம். திருநள்ளாறு மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில் இருக்கிறது. மற்ற எட்டும் தஞ்சை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சூரியனார் கோயிலில்தான் கிரகமே மூலவர். மற்ற எட்டும் சிவன் கோயில்கள், அங்கே சுவாமிதான் முதல். திருநள்ளாற்றில் தர்ப்பாரண்யேஸ்வரரைப் பார்க்காமல் நேரே சனீஸ்வரன் சந்நிதி வரிசையில் போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்பதில்லை. சுவாமியையும் அம்பாளையும் சேவித்துவிட்டு கிரகத்திடம் போங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? ஒரே நாளில் முடியும் என்கிறார்களே?

முடியும். அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பதையும் காட்டும் சிறப்புப் பேருந்தைத் தொடங்கியது. தொடங்கியபோது கட்டணம் ரூ.750. இளவயதுக்காரர்கள், தனியாக வருகிறவர்கள், கார் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடு.

ஆனால் எழுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் மூன்று நாள் ஒதுக்குங்கள். நாங்கள் முதல் தடவை ஒன்றரை நாளில் முடிக்கப் பார்த்தோம். ஒரு கோயிலுக்கு மதியம் 12.25-க்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்ப நடை திறக்க நாலு மணி ஆகும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோபுர வாசலில் பூக்கடை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். பூக்காரம்மா தன்னுடைய பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். மூன்றரை மணி நேரம். நாலு மணிக்கு நடை திறந்ததும் அம்மா எழுந்தாள், முழங்கால் மடங்கவில்லை. நாத்தனாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் சந்நிதிக்குக் கூட்டிப் போனோம். அன்றைக்கு அவள் கண்ணை மூடிச் சுவாமியிடம் என்ன வேண்டியிருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தப்பு முழுக்க எங்களுடையது. அதற்குப் பிறகு எந்த யாத்திரைக்கும் நான் முதலில் எழுதுவது நடை நேரத்தைத்தான், கோயில் பட்டியல் அப்புறம்.

நடை நேரத்தை வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

தஞ்சைப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் காலை ஆறு, ஆறரைக்குத் திறந்து, உச்சிக்கால பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்துவார்கள். மறுபடி நாலு மணிக்குத் திறந்து எட்டு, எட்டரை வரை. கோயிலுக்குக் கோயில் அரை மணி முன்னே பின்னே இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் அந்தந்தக் கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஆக, ஒரு நாளில் உங்கள் கையில் இருப்பது காலையில் ஆறு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். நடுவில் இருக்கும் நாலு மணி நேரம் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும். அதைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆண்கள் சொல்வார்கள். வேண்டாம். பெரியவர்கள் மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால்தான் மாலைக் கோயிலில் பிரகாரம் சுற்ற முடியும். காலையில் இரண்டு, சில நாள் மூன்று. மாலையில் ஒன்று, பக்கத்திலேயே இருந்தால் இரண்டு. அதற்கு மேல் எழுதாதீர்கள்.

மார்கழியில் கணக்கு மாறும். விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள். பனியில் குளித்துவிட்டு ஐந்து மணிக்குச் சந்நிதியில் நிற்கிற சுகம் வேறு மாதத்தில் கிடைக்காது, பெரியவர்களுக்கு மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வரிசையில் பார்க்கவேண்டும்? சூரியனில்தான் தொடங்கவேண்டுமா?

ஞாயிறு, திங்கள் என்று கிழமை வரிசையில் பார்த்தால் விசேஷம் என்பார்கள். ஆனால் அந்த வரிசையில் போனால் திங்களூருக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் நடுவிலேயே பாதி நாள் போய்விடும். எங்களுக்குத் தெரிந்த பெரியவர்கள் யாரும் வரிசை தப்பினால் பலனில்லை என்று சொன்னதில்லை. நாங்கள் சூரியனில் தொடங்குவோம், மற்றதை வழிக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வோம்.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் கிளம்பினால் விடியலில் கும்பகோணம். அறையில் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்பி முதலில் திருமங்கலக்குடி. பிராணநாதேஸ்வரரைச் சேவித்துவிட்டுத்தான் பக்கத்திலுள்ள சூரியனார் கோயிலுக்குப் போவது மரபு. அங்கிருந்து கஞ்சனூர் கூப்பிடு தூரம். பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். மாலை நாலரைக்குத் திருநாகேஸ்வரம், அதை ஒட்டியே ஒப்பிலியப்பன் கோயில். ஒப்பிலியப்பனுக்கு நிவேதனத்தில் உப்பே கிடையாது. உப்பு சேர்ந்த தின்பண்டத்தை உள்ளே கொண்டு போகவும் கூடாது. என் மாமியார் பையில் முறுக்குப் பொட்டலம் இருக்கிறதா என்று காரிலேயே ஒரு தடவை சோதித்துவிட்டுத்தான் இறங்குவார்.

இரண்டாம் நாள்தான் நீளமான நாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். ஏழுக்குத் திருநள்ளாறு, அங்கிருந்து பூம்புகார் பக்கம் கீழப்பெரும்பள்ளம், பிறகு திருவெண்காடு. பதினொன்றரைக்குள் திருவெண்காட்டில் இருக்கவேண்டும். அகோரமூர்த்தியை அவசரத்தில் பார்க்கக்கூடாது. சீர்காழியில் சாப்பாடு, ஒரு அறை எடுத்து மூன்றரை வரை படுக்கை, நாலு மணிக்கு வைத்தீஸ்வரன் கோயில். இரவு கும்பகோணம்.

மூன்றாம் நாள் காலை ஆலங்குடி மட்டும். குருவுக்கு அவசரம் ஆகாது. மதியம் அறையைக் காலி செய்து, நாலு மணிக்குத் திங்களூர். அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் அது. பாம்பு தீண்டி இறந்த அவர் பிள்ளையைத் திருநாவுக்கரசர் பதிகம் பாடி எழுப்பிய இடம். சின்னக் கோயில், கூட்டமே இருக்காது. அங்கே அரை மணி சும்மா உட்கார்ந்துவிட்டு தஞ்சாவூர் போய், பெரிய கோயிலில் விளக்கு வைத்த நேரத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே சென்னை ரயிலில் ஏறிவிடலாம்.

எந்தக் கிழமையில் போவது நல்லது?

சனிக்கிழமை திருநள்ளாறு, வியாழன் ஆலங்குடி, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலத்தில் திருநாகேஸ்வரம். இந்த மூன்று நேரத்திலும் வரிசை நகராது. ஞாயிறு இரவு கிளம்பி திங்கள், செவ்வாய், புதன் பார்த்துவிட்டு வருவது நல்லது. செவ்வாய் அன்று வைத்தீஸ்வரன் கோயிலில் கூட்டம் இருக்குமே என்றால், மேலே சொன்ன இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். புதன்கிழமை திருவெண்காட்டில் புதனைப் பார்க்கக் கொடுத்துவைக்கவேண்டும். அப்படி மாற்றினால் ரயிலை மயிலாடுதுறையில் பிடிக்கலாம்.

மாதம் என்றால் தை, மாசி, பங்குனியில் பாதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பிரகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது, 2016-க்குப் பிறகு. அந்த மாசி மாதத்தில் பெரியவர்களை அந்த ஊரில் வைத்து நவக்கிரகம் சுற்ற நினைக்காதீர்கள். அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது.

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகலாமா? தேதி ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

பஞ்சாங்கம் இரண்டு வகை, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று எல்லாரும் பரபரத்தது திருக்கணிதக் கணக்கு. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது, அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று கோயில் தரப்பிலேயே விளக்கம் சொன்னார்கள். எங்கள் மாடி வீட்டுக்காரர்கள் 2025-இல் அந்தத் தேதிக்கே டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம்தான் கேட்டார்கள். பெயர்ச்சி என்றால் டிவியில் சொல்லும் தேதியை நம்பிக் கிளம்பாமல், கோயிலில் கேளுங்கள்.

பெயர்ச்சி அன்று பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள் என்பதுதான் என் எண்ணம். பெயர்ச்சிக்குப் பிறகு ஒரு மண்டலத்துக்குள் போனாலும் சரி என்று பலரும் போகிறார்கள். கூட்டத்தில் நசுங்கி ஒரு நொடி பார்ப்பதைவிட, அப்போது போய் நின்று பார்க்கட்டும்.

ரயிலா, பஸ்ஸா, காரா?

பெரியவர்கள் இருந்தால் இரவு ரயில், அங்கே போய் கார். சென்னையிலிருந்தே காரில் போனால் ஏழு மணி நேரம் உட்கார்ந்து முதுகு வலியோடுதான் முதல் கோயிலில் இறங்குவார்கள். தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணம் வழியாகப் போகும் இரவு ரயில். பகலில் ஜன்னல் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்கிறவர்களுக்குச் சோழன் இருக்கிறது. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து கிளப்புகிறார்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இருக்கிறதோ அதைப் பெரிதாக ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்போல் 120 நாள் இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்டால்தான் கீழ் பெர்த் கிடைக்கும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரே டிக்கெட்டில் குடும்பத்தோடு ஐந்து பேரைச் சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு வராது. அம்மாவையும் மாமியாரையும் தனி டிக்கெட்டாக அந்த ஒதுக்கீட்டில் போடுங்கள், நாம் தனியாக. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்த்துப் பணக் கணக்குப் போடவேண்டாம்.

பஸ் என்றால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-இல் அந்த நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான். மாம்பலத்திலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம், அதற்கும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் கார் பேசும்போது என்ன கேட்கவேண்டும்?

கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா? ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் சேர்த்தா? திருநள்ளாறு போவதால் பாண்டிச்சேரி பெர்மிட் யார் செலவு? இத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகுதான் முன்பணம். நாங்கள் ஒரு தடவை வாய்ப்பேச்சில் டெம்போ டிராவலர் பேசிவிட்டு, கடைசி நாள் இரவு ரயில் நிலைய வாசலில் பெர்மிட்டுக்கும் பேட்டாவுக்கும் தனித்தனியாகக் காசு கேட்டு நின்றார்கள். ரயிலுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்னொன்று. டிரைவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். மதியம் நாம் அறையில் படுக்கும்போது அவருக்கும் ஓய்வு வேண்டும். நம் வீட்டு அத்தனை உயிரும் அவர் கையில் இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

முடியும். ஒன்பதில் எதுவும் மலைக்கோயில் இல்லை, அதுதான் நான் பெரியவர்களுக்கு இந்த யாத்திரையைச் சொல்வதற்குக் காரணம். அறுபடை வீடு என்றால் திருத்தணியில் 365 படி, பழனியில் ரோப் காரும் இழுவை ரயிலும் இருந்தாலும் வரிசை நீளம். கும்பகோணத்திலிருந்து பக்கம்தானே என்று சுவாமிமலையைச் சேர்ப்பார்கள், அங்கே 60 படி. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு படி வீதம். மாமியார் ஏறிவிட்டார், அம்மா கீழேயே சுந்தரேஸ்வரரைச் சேவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலில் கால் வலி வருவது நடையால் அல்ல, உயரமான கல் நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டித்தான். ஒரு ஆள் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடிக்க, இன்னொரு ஆள் பின்னால் நிற்கவேண்டும். மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள், வரிசையில் நிற்கும்போது அதைவிட உதவி எதுவும் இல்லை. வெயில் காலத்தில் பருத்தி சாக்ஸ். மூன்று சுற்று சுற்றியே ஆகவேண்டும் என்று அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பெரியவர்கள் கழிப்பறை பற்றிச் சொல்லமாட்டார்கள். வழியில் எங்கும் போகவேண்டாம் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், மதியம் தலை சுற்றும். சுத்தமான இடம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள். சர்க்கரைக்காரர்கள் விரதம் இருக்கவேண்டாம். மாத்திரைப் பை எப்போதும் கைப்பையில், பெட்டியில் அல்ல.

குலதெய்வத்துக்கு முதலில் போகவேண்டுமா?

ஆமாம் என்றுதான் எங்கள் வீட்டில் பழக்கம். ஊர் தூரமாக இருந்து போக முடியாவிட்டால், குலதெய்வத்தை நினைத்து ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அறையில் வைத்துவிட்டுக் கிளம்புவோம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்த முடிப்பு உண்டியலுக்குப் போய்விடும்.

வீட்டில் ஒரு இறப்பு நடந்து வருஷம் திரும்பவில்லை. போகலாமா?

இதில் வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. தலைத் திவசம் முடியும் வரை மலைக்கோயிலுக்கும் கொடிமரம் உள்ள கோயிலுக்கும் போகமாட்டோம் என்கிறவர்கள் உண்டு. நெருங்கிய சொந்தம் மட்டும்தான் அப்படி, பங்காளிகளுக்குச் சில நாள்தான் என்கிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரையோ வாத்தியாரையோ கேட்டு அவர் சொன்னதைச் செய்யுங்கள். அம்மாவின் மனசில் ஒரு உறுத்தலோடு அவளைச் சந்நிதியில் நிறுத்தவேண்டாம், ஒரு வருஷம் தள்ளிப் போனால் கிரகம் எங்கும் போய்விடாது.

கோயில் திருப்பணி நடக்கிறது என்றால் தரிசனம் உண்டா?

கட்டாயம் கேட்டுக்கொள்ளவேண்டிய விஷயம் இது. கும்பாபிஷேகத்துக்கு முன் பாலாலயம் செய்துவிட்டால் மூலவர் சந்நிதியை மூடிவிடுவார்கள். படத்திலோ அத்திப்பலகையிலோ கலசத்திலோ ஆவாகனம் செய்து வழிபாடு நடக்கும். சாந்நித்தியம் அங்கேதான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் மூலவரை நேரே பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து வந்த பெரியவர்களுக்கு மனசு விட்டுப்போகும். போனில் நடை நேரம் கேட்கும்போதே ‘பாலாலயம் ஏதும் இருக்கா’ என்று சேர்த்துக் கேளுங்கள். கிரகண நாளா என்றும் பாருங்கள், அன்றைக்குப் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள்.

நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை விட்டுவிடவேண்டுமா?

நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது வழக்கம். துணியைக் குளத்துக்குள் விடாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் அடுத்த குடும்பம் முங்கி எழவேண்டும். கரையில் அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் போடுங்கள், அல்லது ஒரு பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். படிக்கட்டில் எண்ணெய் வழுக்கும். பெரியவர்களைக் குளத்தில் இறக்கவேண்டாம், ஒரு செம்பில் எடுத்துத் தலையில் தெளித்துவிடுங்கள். அதுவே ஸ்நானம்தான்.

பரிகாரம் என்று வழியிலேயே கேட்கிறார்களே, எவ்வளவு கொடுப்பது?

கோயில் அலுவலகக் கவுண்டரில் ரசீது வாங்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். அர்ச்சனை, அபிஷேகம், பரிகார பூஜை எல்லாவற்றுக்கும் கட்டணம் பலகையில் எழுதியிருக்கும். கார் நிற்கும் இடத்தில் வந்து கைபிடித்து, ‘உங்க ராசிக்கு இது செய்யாம போனா ஆபத்து’ என்று சொல்கிறவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் நிஜமாகவே பயந்துவிடுவார்கள். இறங்குவதற்கு முன் காரிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ‘அம்மா, யார் என்ன சொன்னாலும் நீ சரின்னு சொல்லாதே. நான் உள்ளே போய் கேட்டுக்கறேன்.’ அர்ச்சகர் தட்டில் மனசார வைப்பது வேறு, அதற்குப் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையாக மாற்றி எடுத்துப் போங்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லாமல் மனசுக்கு நிறைவாகச் செய்யவேண்டும் என்றால், ஒவ்வொரு கோயிலிலும் கோளறு பதிகத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். ஞானசம்பந்தர் மறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில் பாடியது. கோள்கள் அடியார்க்கு நல்லதையே செய்யும் என்கிற பதிகம். என் மாமியாருக்குப் பார்வை குறைவு, ஆனால் பதினோரு பாட்டும் மனப்பாடம். அவர் குரல் எடுத்தால் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர்களும் கூடவே சேர்ந்துகொள்வார்கள்.

செல்போன் கொண்டு போகலாமா?

2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உத்தரவு போட்டது. காரில் வைத்துவிட்டுப் போங்கள். ஆனால் போன் இல்லாமல் பெரியவர்கள் கூட்டத்தில் தொலைந்தால்? அதற்குத்தான் ‘கொடிமரத்தடியில் நில்லு’ என்று ஒவ்வொரு கோயிலிலும் உள்ளே போகும்போதே சொல்லிவிடுவோம். அம்மாவின் முந்தானையில் என் போன் நம்பர் எழுதிய சீட்டும் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டுப் பெரியவரால் சென்னையைத் தாண்டவே முடியாது. என்ன செய்வது?

மனசை விடாதீர்கள். நம் சென்னையிலேயே போரூர், குன்றத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள் இருக்கின்றன. சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு வெள்ளீஸ்வரர், சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர் திருநாகேஸ்வரம், கேதுவுக்குக் கெருகம்பாக்கம். எல்லாமே சிவன் கோயில்கள். கோவூர் சுந்தரேஸ்வரர் பெயரில் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் கோவூர் பஞ்சரத்னம் என்றே வழங்குகின்றன.

குன்றத்தூர் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் அவருக்கு அத்தனை பிரியம். அதே பெயரில் தன் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எழுப்பினார். தூரத்துச் சுவாமியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவரும்தானே நினைத்திருக்கிறார்! அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன வருஷம், வாரத்துக்கு ஒரு கோயில் என்று ஒன்பது வாரம் ஆட்டோவிலேயே அழைத்துப் போனேன். குன்றத்தூரில் சந்நிதி முன்னால் நின்று, ‘கும்பகோணத்துல பார்த்தவரேதான்டி இவரு’ என்றாள்.

அரசு ஏற்பாட்டில் போக முடியுமா?

இந்து சமய அறநிலையத்துறை மூத்த குடிமக்களைக் கட்டணமில்லாமல் ராமேசுவரம்–காசி யாத்திரைக்கும், அறுபடை வீடுகளுக்கும் அழைத்துப் போகிறது. 60 முதல் 70 வயதுக்காரர்கள் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தைத் துறையின் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணச் சுற்றுலா என்றால் வாலாஜா சாலையில் உள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தில் விசாரியுங்கள்.

பிரசாதம் எல்லாம் கலந்துபோகிறது. என்ன செய்யலாம்?

ஒன்பது கோயில் விபூதியும் குங்குமமும் ஒரே பைக்குள் போனால் எது எந்த ஊர் என்று தெரியாது. வைத்தீஸ்வரன் கோயிலில் தரும் திருச்சாந்துருண்டையை மருந்தாக உட்கொள்வார்கள், அதைத் தனியாக வைக்கவேண்டும். பழைய காலண்டர் தாளைச் சின்னச் சதுரமாகக் கிழித்து ஒரு கட்டு எடுத்துப் போங்கள், ஒரு பென்சிலும். பேனா மை விபூதியில் ஊறிவிடும்.

அம்மா ஒவ்வொரு கோயில் வாசலிலும் காரில் ஏறியதும் முதலில் அதைத்தான் செய்வாள். மடியில் காகிதத்தை விரித்து, விபூதியைக் கொட்டி, நாலு பக்கமும் மடித்து, மேலே நடுங்குகிற எழுத்தில் ஊர்ப் பெயர். போன தடவை திங்களூர்ப் பொட்டலத்தில் மட்டும் ஊர்ப் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தாள்: ‘இது எதிர்வீட்டு மாமிக்கு, அவளால் வர முடியவில்லை.’